படம் நிற்குமா? அகப்பக்க ஸ்லைட்ஷோக்கள் பற்றி ஒரு திறனாய்வு



நம் வளப் பகுதியில் நூல்களையும் பாடக் கருவிகளையும் செயலிகளையும் அலசிப் பார்த்து வருகிறோம். இம்முறை நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். பள்ளி அகப்பக்கத்திலும் சங்க அகப்பக்கத்திலும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகருமே, அந்த ஸ்லைட்ஷோ. "இதுல திறனாய்வு பண்ண என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு பாட்டி என் கைப்பேசியைத் திருப்பித் தரும்வரை.

நடந்தது என்ன?

லூனாஸ் வட்டாரத்தில் எப்போதோ மூடப்பட்ட ஒரு தோட்டப் பள்ளி. அதன் பழைய மாணவர்கள் ஒன்றுகூடல் வைத்தார்கள். பழைய படங்களைத் திரட்டி ஓர் அகப்பக்கம் செய்து தரும்படி என்னைக் கேட்டார்கள். கணினி அறிவியல் எடுக்கும் படிவம் 5 மாணவர்கள் மூவரைச் சேர்த்துக்கொண்டேன். பிஸ்கட் டின்னிலிருந்தும் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்தும் படங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் படியெடுத்தோம். எந்த ஆண்டு, எந்த இடம், நிற்பவர் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு விளக்கம் எழுதினோம். அதுக்கே ஒரு மாதம் ஆச்சு. கடைசியில், படங்களைக் காட்ட இணையத்தில் கிடைத்த ஆயத்த நிரல் ஒன்றை எடுத்து ஒட்டினேன். அதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகல.

மடிக்கணினியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்றுகூடல் அன்று என் மாணவி ஒருத்தியின் பாட்டி வந்தார். "1968ல நாலாவது படிச்சேன் தம்பி. அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கு என்று சொல்லி என் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டாவது வரிசையில் ஒவ்வொரு முகமாக விரலை நகர்த்தினார். மூன்றாவது முகத்துக்கு வருவதற்குள் படம் நகர்ந்து, கோயில் திருவிழா வந்துவிட்டது. பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தேன். மறுபடியும் ஓடியது. "இத கொஞ்சம் நிக்கச் சொல்லு தம்பி" என்றார். நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லை. சரி, கீழே பெயர் வரிசை இருக்கும், வாசித்துச் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் அதுவும் இல்லை. மடிக்கணினியில் தெரிந்த விளக்கம் கைப்பேசியில் மறைந்திருந்தது.

"பரவால்ல தம்பி, அப்புறம் பாத்துக்கிறேன்" என்று கைப்பேசியைத் தந்துவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்.

இதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. நிரலை வாசிக்காமல் ஒட்டியவன் நான். ஒரு மாத உழைப்பைப் பத்து நிமிட அவசரம் மறைத்துவிட்டது. அதன்பிறகுதான் உட்கார்ந்து, ஆசிரியர்கள் அதிகம் எடுத்துப் பயன்படுத்தும் கருவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லைட்ஷோவை அதன் அசைவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பார்ப்பவர் தமக்கு வேண்டிய படத்தில் வேண்டிய நேரம் நிற்க முடிகிறதா, படத்தின் விளக்கம் எப்போதும் படத்தோடு இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நமக்கு ஏன் இது பெரிய விஷயம்?

கெடாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால்மரம் நின்ற இடங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதி, தொழிற்சாலை, நெடுஞ்சாலை. நமக்குப் பக்கத்தில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-ல் தொடங்கப்பட்டது. அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளின் தாத்தா பாட்டி வாழ்ந்த லயங்களை இன்று காட்ட முடியாது. படத்தைத்தான் காட்டலாம்.

இன்னும் பழைய காலத்துக்குப் போனாலும் இதே கதைதான். வரலாற்றில் கடாரம் என்று படிக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. குவாரிட்ச் வேல்ஸ் 1930-களில் அங்கே அகழாய்வு செய்து, 'சண்டி' எனப்படும் பழைய கோயில் அடித்தளங்களுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்தார். அவற்றுள் ஒன்றான சுங்கை பத்து 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டு வேலையின்போது இடிக்கப்பட்டது என்ற செய்தி 2013 டிசம்பரில் நாட்டையே உலுக்கியது. அந்த இடத்தைப் பற்றி இன்று பேச நமக்குத் துணை நிற்பவை பழைய பதிவுகளும் படங்களும்தான். அந்தப் படங்களின் கீழே "சண்டி எண் 11, சுங்கை பத்து" என்ற வரி இல்லையென்றால் அது வெறும் கல் குவியல் படம்.

படத்துக்கு உயிர் கொடுப்பது அந்த ஒரு வரி. அதை மறைக்கும் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு உதவாது.

ஸ்லைட்ஷோ எப்படி வேலை செய்கிறது?

கணினி அறிவியல் எடுக்காத மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். அகப்பக்கத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. எது இருக்கிறது என்று சொல்வது எச்.டி.எம்.எல். அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சி.எஸ்.எஸ். தொட்டால், சொடுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். இந்த மூன்றாவது மொழியை 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார்.

எளிய ஸ்லைட்ஷோ ஒன்றின் சூட்சுமம் இவ்வளவுதான்: படங்களை வரிசையாக வைக்கிறோம். இப்போது எத்தனையாவது படம் என்பதை ஓர் எண் நினைவில் வைத்திருக்கிறது. அம்புக்குறியைத் தொட்டால் எண்ணில் ஒன்று கூடுகிறது. அந்த எண்ணுக்குரிய படம் தெரிகிறது, மற்றவை மறைகின்றன. இதோடு ஒரு கடிகாரத்தை இணைத்துவிட்டால், யாரும் தொடாமலே படம் மாறும். அந்தக் கடிகாரம்தான் தானியக்கம். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். எளிய ஸ்லைட்ஷோக்களில் மறைந்திருக்கும் படங்களும் பக்கம் திறந்தவுடனேயே இறங்கிவிடும். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 30 படங்களுக்கு 120 மெகாபைட். பிரீபெய்டு டேட்டாவில் இருக்கும் ஒரு பெற்றோர் முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினாலும், அவருடைய டேட்டா வீணாகப் போய்விடும்.

ஐந்து கேள்விகள்

எந்தக் கருவியையும் நான் இந்த ஐந்து கேள்விகளைக் கொண்டுதான் சோதித்தேன்.

1. படம் நிற்குமா? தானாக ஓடினால், நிறுத்த வழி உண்டா?
2. விளக்கம் எல்லாத் திரையிலும் தெரியுமா?
3. விரலாலும் விசைப்பலகையாலும் இயக்க முடியுமா?
4. ஜாவாஸ்கிரிப்ட் வராமல் போனாலும் படங்களைப் பார்க்க முடியுமா? தோட்டத்துப் பக்கம் இணைப்பு பாதியில் நிற்பது நமக்குப் பழக்கம்தான்.
5. நான் மாற்றலாகிப் போன பிறகு அடுத்த ஆசிரியர் இதைப் புரிந்துகொண்டு பராமரிக்க முடியுமா?

முதல் கேள்வி என் தனிப்பட்ட விருப்பம் அல்ல. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.2.2 விதி இதைத்தான் சொல்கிறது. தானாகத் தொடங்கி, 5 வினாடிக்கு மேல் நீடித்து, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து நகரும் எதையும் பயனர் நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும்.

கருவிகள் ஒவ்வொன்றாக

டபிள்யூ3ஸ்கூல்ஸ் மாதிரி நிரல். மாணவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் இது. கற்றுக்கொள்ள மிக நல்லது. மேலே நான் சொன்ன எண், மறைத்தல், காட்டுதல் எல்லாம் சில பத்து வரிகளில் தெளிவாகத் தெரியும். அம்புக்குறி, புள்ளி, "1 / 3" என்ற எண், விளக்க வரி எல்லாம் உண்டு. ஆனால் அங்கேயே இருக்கும் தானியக்க வடிவத்தில் 2 வினாடிக்கு ஒருமுறை படம் மாறுகிறது. "1968, நான்காம் ஆண்டு மாணவர்கள், பள்ளிக் கட்டடத்தின் முன், இடமிருந்து வலம்" என்பதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பெயர்களுக்கு வருமுன்னே இரண்டு வினாடி முடிந்துவிடும். இன்னொரு குறை, அம்புக்குறிகளும் புள்ளிகளும் சுட்டியையோ விரலையோ நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. டேப் விசையை அழுத்திக்கொண்டு போகிறவருக்கு அவை அகப்படா. பாடத்துக்கு எடுங்கள். அப்படியே பக்கத்தில் ஒட்டாதீர்கள்.

பூட்ஸ்டிராப் கேரோசல். பல ஆயத்தப் பக்க வடிவங்களுக்குள் இது ஏற்கெனவே இருக்கும். இயல்பான இடைவெளி 5 வினாடி. சுட்டியைப் படத்தின்மேல் வைத்தால் நிற்கும். கைப்பேசியில் சுட்டி ஏது? விரலால் தள்ளினால் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கும். தானியக்கத்தை முழுதாக நிறுத்தும் அமைப்பும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கவனிக்க வேண்டியது விளக்கங்களுக்கான எடுத்துக்காட்டு. ஆவணத்தில் உள்ள அந்த நிரலில், 768 பிக்சலுக்குக் குறைந்த திரையில் விளக்கத்தை மறைக்கும்படி இரண்டு கிளாஸ் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இதைப் பக்கத்திலேயே விளக்கியும் இருக்கிறார்கள். நாம்தான் விளக்கத்தை வாசிக்காமல் நிரலை மட்டும் படியெடுக்கிறோம். கேரோசல்கள் பொதுவாக அணுகல் தரத்துக்கு ஒத்துப்போவதில்லை என்றும் அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஸ்லிக். கென் வீலர் எழுதிய இது 2014-க்குப் பிறகு சில ஆண்டுகள் எங்கே பார்த்தாலும் இருந்தது. இன்றும் வேலை செய்கிறது. ஆனால் ஜேகுவெரி என்ற இன்னொரு நிரல் தொகுப்பு கூடவே வேண்டும். கடைசியாக வெளிவந்த 1.8.1 பதிப்பு 2017-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. புதிதாகத் தொடங்குகிறவர் இதை எடுக்கக் காரணம் இல்லை.

ஸ்வைப்பர், ஸ்பிளைடு. இரண்டுக்கும் ஜேகுவெரி தேவையில்லை. விரலால் தள்ளும்போது இரண்டும் மென்மையாக நகரும். இரண்டிலும் நாம் கேட்காமல் தானியக்கம் தொடங்காது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்வைப்பரில் வசதிகள் மிக அதிகம். முப்பரிமாணக் கனசதுரம்போல் படம் திரும்பும் வித்தையெல்லாம் உண்டு. ஒரு பள்ளிப் பக்கத்துக்கு அது கல்யாண விருந்தைக் காலைப் பசியாறலுக்குக் கொண்டுவருவது மாதிரி. ஸ்பிளைடு சிறியது, சுமார் 29 கிலோபைட், சுருக்கினால் 12. விசைப்பலகைக்கும் திரைவாசிப்பானுக்கும் முதலிலிருந்தே இடம் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். தானியக்கம் வைத்தே தீர வேண்டும் என்றால் நிறுத்தும் பொத்தானையும் சேர்க்கலாம். நகரும் ஸ்லைட்ஷோதான் வேண்டும் என்கிறவர்களுக்கு என் பரிந்துரை ஸ்பிளைடு.

லைட்பாக்ஸ். லோகேஷ் தாக்கர் 2005-ல் வெளியிட்டது. இன்று லைட்பாக்ஸ்2 என்ற பெயரில் கிடைக்கிறது. இதன் வழி வேறு. பக்கத்தில் எல்லாப் படங்களும் சிறிய அளவில் கட்டம் கட்டமாக, அசையாமல் இருக்கும். வேண்டியதைத் தொட்டால் அது பெரிதாகத் திறக்கும். கீழே விளக்கமும் "9-ல் 3ஆவது படம்" என்பதுபோல் எண்ணும் தெரியும். விசைப்பலகையின் அம்புக்குறிகளால் முன்னும் பின்னும் போகலாம். ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டால்கூடச் சிறு படத்தைத் தொட்டால் பெரிய படம் தனியாகத் திறக்கும், ஏனென்றால் அடியில் இருப்பது சாதாரண இணைப்பு. ஜேகுவெரி தேவைப்படுவது ஒரு குறை. ஆனால் என் ஐந்து கேள்விகளுக்கு மிக நெருங்கி வந்த கருவி இதுதான்.

கூகல் சைட்ஸ். டெலிமா கணக்கு வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு நிரலே எழுதாமல் பக்கம் செய்ய இது வசதி. இதில் படக் கேரோசல் உண்டு. அதன் அமைப்புக்குள் போனால் புள்ளிகளைக் காட்டவும், விளக்கங்களைக் காட்டவும், தானாகத் தொடங்கவும் தனித்தனித் தேர்வுகள் இருக்கும். விளக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தானாகத் தொடங்குவதை விட்டுவிடுங்கள். ஐந்தாவது கேள்விக்கு, அதாவது அடுத்த ஆசிரியர் பராமரிப்பதற்கு, இதுதான் முதலிடம்.

"நகர்ந்தாத்தானே கலகலன்னு இருக்கும்?"

வாதக் கட்டுரை எழுதும்போது எதிர்த்தரப்பையும் எண்ணிப் பார்க்கச் சொல்லி உங்களுக்குக் கற்பிக்கிறேன். நானும் செய்தாக வேண்டும்.

முதல் எதிர்வாதம்: நகரும் படம் கண்ணைப் பிடித்து இழுக்கும். உண்மைதான், ஆனால் இழுத்த கண்ணை அது தக்கவைத்துக்கொள்கிறதா? அமெரிக்காவின் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் எரிக் ரன்யன் தம் பல்கலைக்கழக முகப்பிலிருந்த கேரோசலை அளந்து 2013-ல் வெளியிட்டார். வந்தவர்களில் ஏறக்குறைய 1 விழுக்காட்டினர்தான் அதைச் சொடுக்கியிருந்தார்கள். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் சொடுக்கியது முதல் படத்தை. ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கு எல்லாப் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஆறாவது படமாக வைக்கும் நம் விளையாட்டுப் போட்டிச் செய்தியை யார் பார்ப்பார்கள் என்று யோசிக்க அது போதும்.

இரண்டாவது எதிர்வாதம்: எல்லாருக்கும் முகப்பில் இடம் வேண்டும். தலைமையாசிரியர் உரை, பெற்றோர் ஆசிரியர் சங்கம், சாதனை மாணவர், பொங்கல் விழா என்று நான்கு தரப்பும் முதலிடம் கேட்கும். ஸ்லைட்ஷோ வைத்தால் நான்கு பேரும் சமாதானம். இதை நான் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன், பல பக்கங்களில் ஸ்லைட்ஷோ இருப்பது பார்ப்பவருக்காக அல்ல, கூட்டத்தில் சண்டை வராமல் இருக்கத்தான். ஆனால் எது முக்கியம் என்று முடிவு செய்யும் வேலையை நாம் தட்டிக்கழித்து, அதைக் கடிகாரத்திடம் ஒப்படைக்கிறோம். நான்கு சிறிய படங்களை நான்கு தலைப்புகளோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாலும் நான்கு பேருக்கும் இடம் கிடைக்கும். அதுவும் நிரந்தர இடம்.

மூன்றாவது எதிர்வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். தானாக ஓடும் படம் பொருந்தும் இடம் உண்டு. பரிசளிப்பு விழாவில் மண்டபத் திரையில் ஓடவிடலாம், அலுவலகக் காத்திருப்பு அறையின் தொலைக்காட்சியில் ஓடவிடலாம். அங்கே யாரும் ஒரு குறிப்பிட்ட முகத்தைத் தேடி வருவதில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள், படம் ஓடுகிறது, ரசிக்கிறார்கள். ஆனால் கைப்பேசியைக் கையில் எடுத்து ஒரு பக்கத்தைத் திறக்கிறவர் எதையோ தேடித்தான் வருகிறார்.

மீண்டும் செய்த பக்கம்

நாங்கள் அந்தத் தோட்டப் பள்ளிப் பக்கத்தை மறுபடி செய்தோம். ஸ்லைட்ஷோவை எடுத்துவிட்டு, படங்களை ஆண்டுவாரியாகக் கட்டத்தில் அடுக்கினோம். ஒவ்வொரு படத்தின் கீழும் விளக்கத்தைச் சாதாரண எழுத்தாகவே, எந்த நிரலையும் நம்பாமல் எழுதினோம். தொட்டால் பெரிதாகும் வசதிக்கு மட்டும் லைட்பாக்ஸ். படங்களை நீளப் பக்கம் 1600 பிக்சலுக்குக் குறைத்தோம். மூலப் படங்களைத் தனிக் கோப்புறையில் பத்திரப்படுத்தினோம். கீழே உள்ள படங்கள், திரையை உருட்டும்போது மட்டும் இறங்கும்படி எச்.டி.எம்.எல்.லில் ஒரு சொல் சேர்த்தோம். மொத்தம் இரண்டு மாலை வேலை.

மாணவி பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டினாள். மறுநாள் வந்து, "சார், நாம பேரு தப்பா போட்டிருக்கோம்" என்றாள். இரண்டாவது வரிசையில் நாங்கள் பாட்டி என்று எழுதியிருந்தது பாட்டியின் தங்கையாம். பாட்டி அன்று பள்ளிக்கு வந்திருந்தும் படம் எடுக்கும் நேரத்தில் தம்பியைத் தேடிப் போய்விட்டாராம். அதனால் படத்திலேயே இல்லை. வேறு மூன்று பெயர்களையும் அவர் திருத்திக் கொடுத்தார். தங்கை இப்போது இல்லை.

முதல் பக்கத்தில் இந்தத் தவறு அப்படியே நிலைத்திருக்கும். படம் நின்றதால்தான் பாட்டி பார்த்தார், பார்த்ததால்தான் திருத்தினார். வருகிறவர்கள் வரலாற்றைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் அவர்களுக்குப் பார்க்க நேரம் கொடுக்க வேண்டும்.

விளக்க வரி தமிழாசிரியரின் வேலை

கருவி சரியாக இருந்தாலும் விளக்கம் வெறுமையாக இருந்தால் பயனில்லை. "மலரும் நினைவுகள்", "இனிய தருணம்", "அன்றும் இன்றும்" என்று எழுதிவிட்டுப் போகிறோம். இவை எந்தப் படத்தின் கீழும் ஒட்டும், அதனால் எந்தப் படத்துக்கும் சொந்தமில்லை. நல்ல விளக்கத்தில் ஆண்டு, இடம், நிகழ்வு, ஆள்கள் இருக்க வேண்டும். வரிசை எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்று சொல்ல வேண்டும். பெயர் தெரியாதவரை "பெயர் தெரியவில்லை" என்றே எழுதலாம். தெரிந்தவர் யாராவது வந்து சொல்வார்.

இன்னும் இரண்டு குறிப்புகள். விளக்கத்தைப் படத்தின் மேலேயே அழகு எழுத்தில் பதித்துவிடாதீர்கள். தேடுபொறிக்கு அது எழுத்தாகத் தெரியாது, பிழை வந்தால் திருத்தவும் முடியாது. யூனிகோடு எழுத்தில் கீழே தட்டச்சு செய்யுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை எழுதுங்கள். பார்வை இல்லாதவரின் திரைவாசிப்பான் வாசிப்பது அதைத்தான். விளக்கம் இது யாருடைய படம் என்று சொல்லும், மாற்றுரை படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லும்.

கருவிகள் வந்து போகும் என்பதையும் மறக்க வேண்டாம். அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தியது. அடுத்த மாதமே ஃபிளாஷ் காட்சிகள் இயங்காதபடி தடுக்கப்பட்டன. அதில் செய்த படக்காட்சிகள் எல்லாம் வெறும் கட்டமாக நின்றன. படமும் விளக்கமும் எளிய எச்.டி.எம்.எல்.லில் இருந்தால், மேலே இருக்கும் கருவி செத்தாலும் உள்ளே இருப்பது பிழைக்கும்.

தேர்வு மாணவர்களுக்கு

திறனாய்வு என்றால் குறை சொல்வது என்று சிலர் எழுதிவிடுகிறீர்கள். இந்தக் கட்டுரையின் ஒழுங்கைத் திரும்பிப் பாருங்கள். முதலில் அளவுகோல், பிறகு எல்லாவற்றுக்கும் அதே அளவுகோல், பிறகு எதிர்த்தரப்பு, கடைசியில் தீர்ப்பு. ஒரு சிறுகதையை ஆராய்ந்தாலும் ஒரு செயலியை ஆராய்ந்தாலும் இதே வழிதான். "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் வராது. எதனால், யாருக்கு நன்றாக இருக்கிறது என்று எழுத வேண்டும்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி:

1. உங்கள் வீட்டிலிருக்கும் பழைய படம் ஒன்றை எடுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, மூன்று வரிக்கு மிகாமல் விளக்கம் எழுதுங்கள்.
2. ஏதேனும் ஓர் அகப்பக்க ஸ்லைட்ஷோவை மேலே உள்ள ஐந்து கேள்விகளால் சோதித்து, 150 சொற்களில் உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்.
3. "பள்ளி அகப்பக்கத்துக்கு நகரும் படங்கள் தேவை" என்ற தலைப்பை ஒட்டியும் வெட்டியும் இரு குழுக்களாகப் பேசுங்கள்.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். பக்கத்தைப் பதிவேற்றும் முன் அதை மடிக்கணினியில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். கைப்பேசியில் திறந்து, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள வயதான ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லித் தராதீர்கள். அவர் தேடிய படத்தைக் கண்டுபிடித்து, அதன் பெயரை வாசித்துச் சொல்லிவிட்டால் உங்கள் தேர்வு சரி. "நிக்கச் சொல்லு" என்று கேட்டால், திரும்பிப் போய் அந்தக் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள்.